சர்வீஸுக்குக் குடுத்தது ஒரு சீக்கோ 5, திரும்பி வந்தது வேற ஒண்ணு: பழைய வாட்ச் வச்சிருக்கவங்க படிச்சிட்டுக் குடுங்க

வீட்ல அப்பா தாத்தா காலத்து சீக்கோ, சிட்டிசன், எச்எம்டி ஏதாவது கெடக்குது, அதை "ரெஸ்டோர்" பண்ணிக் கட்டலாம்னு நினைச்சிட்டு இருக்கவங்களுக்காக எழுதுறேன். கடை பேரு போடப் போறதில்ல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க. இதே வேலையப் பண்றவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, ஒரு பேரச் சொன்னா மத்தவங்கல்லாம் யோக்கியம்னு ஆயிடும்.

வாட்ச் எங்க பெரியப்பாவோடது, சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப 72ல வாங்கினது. பின்மூடியில 6119னு போட்டு ஒரு கோடு, அதுக்கப்புறம் இன்னொரு நாலு நம்பர். சீக்கோல இது ரொம்ப வசதி, முதல் நாலு நம்பர் உள்ள ஓடுற மெஷினோடது, அதாவது மூவ்மென்ட், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கேஸோடது, அதாவது வெளிக்கூடு. அதுபோக சீரியல் நம்பர் ஒண்ணு இருக்கும், அதுல முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி நம்பர், ரெண்டாவது மாசம், நவம்பர்னா என், டிசம்பர்னா டி. நம்மளது 1ல ஆரம்பிச்சு அடுத்தது 8, அதாவது ஆகஸ்ட் 71. 61ஆ 81ஆன்னு குழம்ப வேண்டியதில்ல, 6119 வந்ததே அறுபதுகளோட கடைசியிலதான், எழுபதுகளோட முடிஞ்சும் போச்சு.

இந்த மூவ்மென்ட்ல ஒரு வேடிக்கை உண்டு, தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தேதி மாத்த கிரவுன, அதான் பக்கத்துல இருக்கிற சாவித் திருக, இழுக்கத் தேவையில்ல, உள்ள லேசா அமுக்கினா தேதி மாறும், நல்லா அழுத்தி அமுக்கினா கிழமை மாறும். பெரியப்பா பொண்ணு சின்ன வயசுல இதை அமுக்கி அமுக்கியே கிழமையக் கலைச்சு வச்சு திட்டு வாங்குவா. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

வாட்ச் ஓடிட்டுதான் இருந்துச்சு, நேரம்தான் கண்டபடி தள்ளிப்போச்சு, கிளாஸ்ல கீறல். திருச்சியில எங்க ஏரியா ரிப்பேர்காரர் மூடியத் திறந்து பார்த்துட்டு, பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தக் கட்டுப்படுத்துற சக்கரம்) நல்லா இருக்கு, துரு ஒண்ணும் இல்ல, முழுசாப் பிரிச்சுக் கழுவி ஆயில் போடணும், எனக்குக் கண்ணு சரியில்ல தம்பி, வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு நேர்மையாச் சொன்னாரு. அப்ப திறந்திருந்த வாட்ச அப்படியே போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். பேலன்ஸ் வீல் பக்கத்துல 6119சி, 21 ஜுவல் (உரசாம ஓட உள்ள வைக்கிற கல்லு), தெளிவாத் தெரியும்.

அப்புறம்தான் சென்னையில இந்த ரெஸ்டோரர், அதான் பழைய வாட்சப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றவரு. முன்ன பின்ன போட்டோ போட்டு அசத்துவாரு, கருத்துப் போன டயல் பளபளன்னு ஆகும், கமென்ட்ல எல்லாரும் கை தட்டுவாங்க. போன்ல பேசினப்ப நான் கேட்டது மூணே விஷயம், ஃபுல் சர்வீஸ், கிளாஸ் மாத்தணும், டயலத் தொடக்கூடாது. சரி தம்பி, ஒரிஜினல் ஒரிஜினலாவே இருக்கும்னாரு. 6,500 ரூபா, முன்பணமா பாதி. மூணு வாரம்னு சொன்னது அப்படியே இழுத்துக்கிட்டே போச்சு, கேட்டா "பார்ட்ஸ் வரணும் தம்பி", அடுத்த தடவை கேட்டா "டெஸ்டிங்ல இருக்கு".

ஒருவழியா கூரியர்ல வந்துச்சு. பிரிச்சவுடனே கண்ணுல பட்டது டயல். வெள்ளி நிறத்துல வெளிச்சம் பட்டா சூரியக்கதிர் மாதிரி விரியுற டயலு, அதுக்குப் பதிலா தட்டையா ஒரு நீலம், யாரோ நெயில் பாலிஷ் அடிச்ச மாதிரி. எழுத்து ஓரமெல்லாம் மழுங்கி இருக்கு, நிமிஷக் கோடும் மணிக்குச்சியும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்ல. ஒரிஜினல் டயலோட கீழ் விளிம்புல ஜப்பான்னு போட்டு 6119னு தொடங்குற டயல் நம்பர் பொடி எழுத்துல வளைவா இருக்கும், அது சுத்தமாக் காணோம். கேஸோட கூர்மையான விளிம்பு அத்தனையும் பஃபிங்ல தேய்ச்சு சோப்புக்கட்டி மாதிரி ஆக்கி வச்சிருக்காரு, மேல இருந்த பிரஷ் கோடுலாம் போயே போச்சு. பெயின்ட்டயாவது என்னைக்காவது எடுக்கலாம், சீவித் தள்ளின ஸ்டீல் எங்கேர்ந்து திரும்ப வரும்?

சரி தேதிய வைக்கலாம்னு கிரவுன அமுக்கினேன். ஒண்ணும் நடக்கல. இன்னும் அழுத்தினேன், கல்லு மாதிரி நிக்குது. ஒரு கட்டம் இழுத்துத் திருப்பினா தேதி மாறுது, எதிர்ப்பக்கம் திருப்பினா கிழமை மாறுது. அப்பவே வயித்தக் கலக்கிடுச்சு. 6119ல அப்படிக் கிடையாது, அது 7009ங்கிற பிற்கால சீக்கோ மூவ்மென்ட்டோட பழக்கம். எங்க ஏரியா ரிப்பேர்காரர்கிட்டயே போய்த் திறந்தோம், 7009ஏ, 17 ஜுவல். வெளிய பின்மூடியில 6119, உள்ள 7009. டயல மூவ்மென்ட்ல மாட்ட பின்னாடி சின்னக் கால் இருக்கும், ரெண்டு மூவ்மென்ட்டுக்கும் அது ஒரே இடத்துல வராதுல்ல, அதனால டயலோட ரெண்டு காலையும் வெட்டி எறிஞ்சிட்டு பசை வச்சு ஒட்டியிருக்காங்க. அவரு லூப்ப (பூதக்கண்ணாடி) கண்லேர்ந்து எடுத்துட்டு ஒண்ணும் பேசல, மூடிய மட்டும் திரும்ப மாட்டிக் குடுத்தாரு.

ரெஸ்டோரருக்கு போன் பண்ணேன். கோவமே படாம பேசினாரு மனுஷன்.

"உங்க மூவ்மென்ட் செத்துப்போச்சு தம்பி, அதான் நல்ல மூவ்மென்ட்டா போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஓடிட்டு இருந்த வாட்ச்தானேண்ணே குடுத்தேன்? சரி, பழசு எங்க?"

"ஸ்க்ராப்ல போயிருக்கும். இப்ப ஓடுதா இல்லையா, அதச் சொல்லுங்க."

இந்த "ஓடுதா இல்லையா"தான் இவங்க கையில இருக்கிற பெரிய ஆயுதம். அதுவும் என்ன லட்சணத்துல ஓடுதுன்னு பார்க்க ஒரு நண்பரோட டைம்கிராஃபர்ல, அதான் வாட்ச் ஓட்டத்த அளக்கிற மெஷின்ல, வச்சோம். இந்த மாதிரி சீக்கோ நல்லா சர்வீஸ் ஆகியிருந்தா முழு முறுக்குல ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடுற அளவு, 220, 230 டிகிரிக்குக் குறையக்கூடாது, இது 170ல நொண்டுது. ஆக மாத்திப் போட்டதையாவது கழுவினாரான்னா அதுவும் இல்ல, ஏதோ ஒரு ஒடஞ்ச வாட்ச்லேர்ந்து உருவி அப்படியே மாட்டியிருக்காரு.

ஏன் இப்படிப் பண்றாங்கன்னு கேட்டா கணக்கு சிம்பிள். முழுசாப் பிரிச்சு சர்வீஸ் பண்ண கைவேலை வேணும், நேரம் வேணும். 7009 மூவ்மென்ட் மலிவா எங்க பாத்தாலும் கிடைக்கும். துரு இல்லாத 6119 கிடைச்சா அத வேற வாட்ச்ல போட்டு விக்கலாம். டயலுக்கு பெயின்ட் அடிச்சா போட்டோல புதுசாத் தெரியும், உள்ள நடந்த திருட்டு யார் கண்ணுக்கும் படாது. வெளிநாட்டு கலெக்டர்ஸ் இந்த வகைக்கு "மும்பை ஸ்பெஷல்"னே பேரு வச்சிட்டாங்க, நம்ம ஊர்லேர்ந்து போற வாட்சுன்னாலே சந்தேகமாப் பாக்குறான். அவனச் சொல்லியும் குத்தமில்ல.

எச்எம்டி பக்கம் இது இன்னும் மோசம். 1961ல பெங்களூருல சிட்டிசன் கூட்டுல வாட்ச் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி, வாட்ச் பிரிவ மூட 2016ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்துச்சு, மூடுறாங்கன்னு பேச்சு வந்ததுலேர்ந்தே ஜனதா, பைலட் மாடலுக்கெல்லாம் கிராக்கி ஏறிப்போச்சு. இப்ப ஆரஞ்சு டயல், பச்ச டயல், விமானப்படை முத்திரை, ராணுவ அம்புக்குறின்னு என்னென்னமோ போட்டு "அபூர்வ பைலட்"னு விக்கிறாங்க. நாப்பது அம்பது வருஷ வாட்ச்ல டயல் மட்டும் நேத்து அடிச்ச மாதிரி இருந்து முள்ளு பழசா இருந்தாலே விலகிப் போயிடுங்க. லேசாக் கறை படிஞ்ச ஒரிஜினல் டயல் எவ்வளவோ மேல்.

குடுக்கிறதுக்கு முன்னாடி உங்க கண் முன்னால மூடியத் திறக்கச் சொல்லி மூவ்மென்ட், டயல், பின்மூடி மூணையும் போட்டோ எடுங்க, திறக்க மாட்டேன்னா அந்தக் கடையே வேணாம். ரசீதுல மூவ்மென்ட் நம்பரும் சீரியலும் எழுதி வாங்குங்க. எனக்கு அவரு குடுத்த ரசீதுல "சீக்கோ ஜென்ட்ஸ் 1, சர்வீஸ்"னு மட்டும் இருக்கு, வேணும்னேதான் அப்படி எழுதுறாங்கன்னு இப்ப புரியுது. எந்தப் பார்ட் மாத்தினாலும் பழசத் திருப்பித் தரணும்னு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க, வாய்ப்பேச்சு ஆகாது. டயலத் தொடாதேன்னு நான் சொன்னது போன் கால்லதான், அதனால அந்தாளு இன்னைக்கு "நீங்கதான் நீலம் கேட்டீங்க"ன்னு கூசாம சொல்றாரு. அப்புறம் சர்வீஸ் முடிஞ்சதும் டைம்கிராஃபர் ரீடிங் போட்டோ கேளுங்க, ஒழுங்கா வேலை செய்றவரு கேக்காமலே அனுப்புவாரு.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், திறந்து வச்சு எடுத்த ரெண்டு போட்டோவும் இணைச்சாச்சு. அதுக்கப்புறம் அவரு போன் பண்ணி பாதிப் பணம் தர்றேன், பதிவு எதுவும் போடாதீங்கன்னாரு. எனக்குப் பணம் வேணாம், மூவ்மென்ட்டத் திருப்பிக் குடுங்கன்னு சொல்லிட்டேன், அதோட பதில் இல்ல.

இதுக்கிடையில நல்ல 6119சி மூவ்மென்ட், ஓடாட்டியும் பரவாயில்ல, துரு மட்டும் இல்லாம யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. 6119 டயலும் இருந்தா தனியாவே வாங்கிக்கிறேன், கறை இருக்கலாம், பெயின்ட் அடிச்சது மட்டும் வேணாம்.