கடலைப் பார்த்த அறை: ஓர் ஏசி மெக்கானிக்கின் மதிப்பீடு

இருபது வருஷமாக ஏசி பழுது பார்க்கிறவன் நான். எந்த விடுதிக்குப் போனாலும் கண் முதலில் கட்டிலுக்குப் போகாது, வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குத்தான் போகும். "இங்கேயும் வேலையா?" என்று வீட்டில் திட்டு விழும். ஆனால் கடலோரத்தில் அறை பிடிக்க இந்தக் கெட்ட பழக்கம் எவ்வளவு உதவும் என்று இந்த நாலு ராத்திரியில் தெரிந்துகொண்டேன். விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்ல நாலு விஷயம் இருக்கிறது, மெச்சிக்கொள்ளவும் இருக்கிறது.

முதலில் வார்த்தை விளையாட்டு. 'சீ வியூ' என்றால் கடல் கண்ணில் படும், அவ்வளவுதான். பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கழுத்தை நீட்டினால் ஒரு துண்டு நீலம் தெரிந்தாலும் அது சீ வியூதான். 'பீச்சுக்கு நடந்து போகலாம்' என்பார்கள். யார் நடக்கிறார்கள், கையில் குழந்தை உண்டா, வெயில் நேரமா என்று சொல்லமாட்டார்கள். 'ஓஷன் ஃப்ரன்ட்' என்றால் கட்டடம் கடலைப் பார்த்து நிற்கிறது. நீங்கள் எடுத்த அறை கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை, பின்பக்கத்து அறையாகவும் இருக்கலாம். கீழே மணல் இருக்கும் என்றும் இல்லை. பாறைக்கு மேலே கட்டினாலும் அது ஓஷன் ஃப்ரன்ட்தான். ஆகவே பணம் கட்டும் முன் சேட்டலைட் படத்தில் அந்தக் கட்டடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன கிடக்கிறது? ரோடா, பார்க்கிங்கா, கொட்டி வைத்த பாறாங்கல்லா? இங்கே வெறும் மணல்தான். சந்தோஷமாகப் பதிவு செய்துவிட்டேன்.

போய் இறங்கியது பௌர்ணமிக்கு மறுநாள், மாலை நாலரை மணிக்கு. மணலைக் காணோம்!

விடுதியின் படிக்கட்டில் கடைசி இரண்டு படி தண்ணீருக்குள் இருந்தது. ஒவ்வொரு அலையும் சுவரில் மோதித் திரும்பியது. "படத்தில் இருந்த பீச் எங்கேப்பா?" என்று மகள் கேட்டாள். வரவேற்பில் இருந்த பையன் பதறவில்லை, இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பவன் போல. "காலையில் வந்துடும் சார்" என்றான்.

வந்தது. மறுநாள் காலை 11 மணிக்கு அதே கடைசிப் படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பது அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. விளம்பரப் படத்தை எடுத்ததும் இப்படி ஓதம் (கடல் தினமும் ஏறி வற்றுவது) வற்றிய நேரத்தில்தான். பொய்ப் படம் இல்லை, நேரம் பார்த்து எடுத்த படம்.

கணக்கு சுலபம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் மணலில், தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஏறினால் கரை 30 மீட்டர் உள்ளே வந்துவிடும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், நிலா தள்ளி உதிப்பதைப்போல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும்போது வற்றுவதும் அதிகம். அரைநிலா நாட்களில் இரண்டும் அடங்கியிருக்கும். எங்களுக்கு நாலரைக்கு ஏறியது அடுத்த நாள் ஐந்தேகாலுக்கு மேல், அதற்கடுத்த நாள் ஆறு தாண்டி. அதாவது வெயில் தாழ்ந்து குழந்தையை மணலில் விளையாட விடும் அந்த ஒரு நேரத்தில்தான், நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம், மணலே இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் கதை வேறு. ஓத அட்டவணை இணையத்தில் சும்மா கிடைக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்குமுன் பத்துத் தடவை நேரம் பார்க்கிற நான் இதைப் பார்க்கவில்லை. இது விடுதியின் குற்றமில்லை, என் குற்றம். ஆனாலும் பதிவு செய்யும் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம் அவர்கள்.

அடுத்து மாடி. குழந்தை ஓடி விளையாடட்டும் என்று தரைத்தளம் கேட்டு வாங்கியிருந்தோம். ஒரே ராத்திரியில் புத்தி வந்தது. பால்கனியின் கண்ணாடிக் கதவு பாதியில் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் கதவு ஓடும் பள்ளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் பொடித் திவலை காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். உப்பு சும்மா இருக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துண்டு காயவே இல்லை. கதவுப் பிடியில் பழுப்புக் கறை. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணமாகப் போடுவது 304 ரகம். கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 போட வேண்டும், விலை கூடுதல் என்பதால் பலர் போடுவதில்லை.

மறுநாளே இரண்டாம் மாடிக்கு மாற்றிக் கேட்டோம். முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள், அதற்கு முழு மதிப்பெண். மேலே திவலை குறைவு, நடந்து போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் தொல்லையும் இல்லை. முக்கியமான லாபம் ஒன்று நான் நினைத்தே பார்க்காதது.

மூன்றாம் நாள் காலை என் மனைவி பால்கனியில் நின்று, "என்னங்க, அங்கே பாருங்க, அந்த இடத்தில் மட்டும் அலையே இல்லை. பாப்பாவை அங்கே கூட்டிப்போகலாம்" என்றாள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை. நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலத்தில் கொஞ்சம் கருத்த, அமைதியான தண்ணீர். எனக்கும் நல்ல இடமாகத்தான் தெரிந்தது. கீழே போய்க் காவலாளியிடம் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "அதுதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால். அமைதியா இருக்குன்னு இறங்கினால் கடலுக்குள்ளே இழுத்துட்டுப் போகும்" என்றார். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாதாம், எதிர்த்து நீந்திச் சோர்ந்துதான் பலர் சாகிறார்கள். மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். கீழே மணலில் நின்று பார்த்தபோது அந்த வாய்க்கால் எங்கள் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. மேலிருந்து கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் பால்கனியில் நின்று கடலைப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு நடுவே காவல் காக்கிறார்கள், குளியல் அந்த இடைவெளியில் மட்டும். அறை எவ்வளவு அழகாக இருந்தாலும், காவலாளி இல்லாத கரையில் இனி குழந்தையோடு தங்கமாட்டேன்.

மற்ற விருந்தினர்கள் எழுதியிருந்த குறைகளில் ஒன்று, 'ராத்திரியில் கடல் பக்கம் கும்மிருட்டு, ஒரு விளக்கு கூடப் போடவில்லை' என்பது. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தார் ஒருவர். அது ஆமை முட்டையிடும் கரை. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்து ஓடும். வெளிச்சம் கடல் மேலே இருந்தால் கடலுக்குப் போகும், விடுதியில் இருந்தால் விடுதிக்கு வரும். திரையை இழுத்து மூடுங்கள் என்று அறையிலும் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். குறைத்த அந்த நட்சத்திரத்தை நான் திருப்பிக் கொடுக்கிறேன்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக: அலை தாலாட்டும் என்பதெல்லாம் இரண்டாம் ராத்திரியிலிருந்துதான். முதல் ராத்திரி, அதுவும் ஓதம் ஏறும் அதிகாலையில், லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற மாதிரி இருந்தது. லேசான தூக்கக்காரர்கள் பின்பக்க அறையே கேளுங்கள்.

இனி என் சப்ஜெக்ட். தரைத்தள யூனிட்டுகளின் ஃபின்கள், அதாவது சூட்டை வெளியேற்றும் காயிலின் மெல்லிய தகடுகள், விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தன. காயிலில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். நடுவில் உப்பீரம் சேர்ந்தால் செம்பு தப்பிக்கும், அலுமினியம் கரைந்து போகும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவிவிட்டால் நீண்ட நாள் தாங்கும். அவுட்டோர் யூனிட்டே இந்த லட்சணத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத வயரிங், பால்கனிக் கம்பியின் அடிப்பாகம் எல்லாம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறை பார்க்கப் போகிறவர்கள் கம்பியின் அடியை ஒரு தடவை குனிந்து பாருங்கள், சாய்வதற்கு முன்னால்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. இரண்டாம் மாடி, அரைநிலா வாரம் என்றால் நாலரை.

கிளம்புகிற அன்று காலை எங்கள் அறை ஏசி உறுமத் தொடங்கியது. கை சும்மா இருக்குமா? மேனேஜரிடம் கேட்டு பிரேக்கரை அணைத்துவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் மேல் நாலு வாளி நல்ல தண்ணீர் மெதுவாக ஊற்றினேன். முதல் இரண்டு வாளிக்கும் வழிந்தது பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர். திரும்பப் போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. மேனேஜர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். வாடகையில் ஒரு பைசா குறைக்கவில்லை.