மொறுமொறு குக்கீக்கு இந்த 28 லிட்டர் ஓடிஜி போதுமா?

சாக்லேட் சிப் குக்கீயை ஓரம் முதல் நடுப்பகுதி வரை மொறுமொறுப்பாகச் சுடுவதற்கென்றே வாங்கிய இந்த ஓடிஜி (சுடவும், டோஸ்ட் செய்யவும், கிரில் செய்யவும் உதவும் மின் அடுப்பு), அந்த வேலையைப் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது. ஆனால் இதன் வெப்பநிலைக் குமிழை அப்படியே நம்பிவிட முடியாது. குமிழை 160 டிகிரியில் வைத்துவிட்டு, உள்ளே தனியாக அடுப்புக்கான ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தால், அது 180 காட்டுகிறது. மாவிலுள்ள ஈரம் நிதானமாக வெளியேறினால்தான் மொறுமொறுப்பு வரும் என்பதால், இந்த 20 டிகிரி சிறிய விஷயமல்ல. சூடு கூடினால் ஓரம் கருகிவிடும், நடுப்பகுதியோ மெத்தென்றே இருந்துவிடும்.

இதன் உண்மையான பலம் உள்ளிருக்கும் விசிறிதான். சூடான காற்றைச் சுழலவிட்டு ஈரத்தைச் சீராக வெளியேற்றுவதால், குக்கீகள் ஏறக்குறைய ஒரே பொன்னிறத்தில் வருகின்றன. பின்பக்க வலது மூலை மட்டும் முந்திச் சிவந்துவிடுகிறது. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. உடன் தரப்படும் கறுப்புத் தட்டு மிக மெல்லியது, அடிப்பக்கத்தைத் தீய்த்துவிடுகிறது. கனமான அலுமினியத் தட்டு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

பழுப்புச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், வெள்ளைச் சர்க்கரையின் பங்கைக் கூட்டாமல் ஓடிஜியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சுட்டவுடன் மென்மையாக இருப்பதும் இயல்பே. கம்பித் தட்டில் ஆறிய பிறகுதான் குக்கீ இறுகும். அந்தக் கம்பித் தட்டைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். அதன் தரத்தில் குறையேதும் இல்லை.