செராமிக் இடுப்புப் பந்து: உடைத்துப் பார்ப்பதா, தாங்குகிறதா என்று பார்ப்பதா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டின் மேல்நுனி லேசாகக் கூம்பியிருக்கும். செராமிக் பந்தின் அடியில் அதே சரிவில் ஒரு துளை இருக்கும். பசை கிடையாது, மரை கிடையாது. பந்தை நுனியில் செருகி மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான். லேத்தில் டிரில் சக்கை (துளையிடும் கருவியின் பிடியை) உராய்வால் மட்டுமே பிடித்து வைக்கும் மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புப் பொருத்தின் அதே வேலைதான் இங்கேயும். பரவலாகப் புழங்கும் அளவுக்கு 12/14 என்று பெயர்: ஒரு பக்கம் சுமார் 12 மி.மீ., மறுபக்கம் 14. கோணம் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு.

சிக்கல் செராமிக்கின் குணத்தில் இருக்கிறது. மேலிருந்து எடை ஏற ஏற, உலோகக் கூம்பு கட்டைக்குள் இறங்கும் ஆப்பு மாதிரி பந்தை உள்ளிருந்து விரிக்கிறது. நசுக்கினால் செராமிக் கவலைப்படாது. விரித்தால், துளைச் சுவரில் எங்கோ இருக்கும் மிகப் பெரிய குறை எதுவோ அங்கிருந்து விரிசல் கிளம்பிவிடும். உலோகம்போல் நெளிந்து எச்சரிக்காது. ஒரே நொடியில் துண்டுதுண்டாகிவிடும்.

இந்த இணைப்பின் வலிமையைச் சோதிக்க நான்கு வழிகள் போட்டியில் இருக்கின்றன.

மலிவானது வளைவுச் சோதனை. அதே பொருளில் 3×4 மி.மீ. குறுக்களவுள்ள சிறு கம்பிகள் செய்து வளைத்து உடைக்கலாம். பொருளுக்குப் பொருள் ஒப்பிட நல்லது. அலுமினா (அலுமினிய ஆக்சைடு), ஸிர்கோனியா (ஸிர்கோனிய ஆக்சைடு) இரண்டும் பந்து செய்யும் செராமிக் வகைகள். ஸிர்கோனியா கலந்து உறுதியாக்கிய அலுமினா, இந்தச் சோதனையில் தூய அலுமினாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஆனால் அதே மடங்கில் பந்தின் வலிமையும் ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கம்பியின் பரப்பு வேறு, துளையின் பரப்பு வேறு. பரப்பு கூடக் கூட மோசமான குறை ஒன்று அதில் இருக்கும் வாய்ப்பும் கூடும். 1939-இல் ஸ்வீடன் பொறியாளர் வைபுல் கணக்காக எழுதி வைத்த விஷயம்தான் இது.

அடுத்தது நேரடி உடைப்புச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 7206-10 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வதும் இதைத்தான். பந்தை உண்மையான உலோகக் கூம்பில் ஏற்றி, தொடும் இடத்தில் சுமை ஒரே புள்ளியில் குவியாதபடி நடுவே செம்பு வளையம் வைத்து, உடையும்வரை அழுத்துவார்கள். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்கும் அளவு: சராசரி 46 கிலோநியூட்டன், எந்தப் பந்தும் 20-க்குக் கீழே உடையக் கூடாது. 46 என்றால் நாலே முக்கால் டன் அளவு. நடக்கும்போது இடுப்பில் வருவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு; தடுக்கி விழப்போகும் நொடியில் எட்டு மடங்கையும் தாண்டும். 70 கிலோ ஆளுக்கு அது அரை டன்னுக்குச் சற்று அதிகம்.

விளம்பரத் தாள்களில் சராசரிதான் கொட்டை எழுத்தில் வரும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த 20-ஐத்தான். உடையும் பொருளில் நோயாளிக்குப் போவது சராசரிப் பந்து அல்ல, ஏதோ ஒரு பந்து. இன்னொன்று, இந்த எண் பந்துக்கு மட்டும் சொந்தமல்ல, ஜோடிக்குச் சொந்தம். அதே பந்தை டைட்டானியக் கூம்பில் வைத்தால் ஓர் எண், கோபால்ட்-குரோமியத்தில் வைத்தால் வேறோர் எண். கோணம் கொஞ்சம் மாறினாலும், நடுவே ஒரு துணுக்கு மாட்டினாலும் எண் சரியும். கூம்பு யாருடையது என்று சொல்லாத உடைப்பு எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது, ஒரு கோடி சுழற்சிகள் ஏற்றி இறக்கிய பிறகு உடைத்துப் பார்ப்பது. மெதுவாக வளரும் விரிசல் இதில் மாட்டும். ஆனால் உடலுக்குள் பல ஆண்டுகள் ஈரத்தில் கிடப்பதற்கு இது ஈடாகாது. 2001-இல் பிரான்ஸின் செயின்ட்-கோபேன் டெமார்கெஸ்ட் தன் ஸிர்கோனியா பந்துகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பந்துகளைத் தொகுதி தொகுதியாகச் சுடும் உலையிலிருந்து, நிற்காமல் நகர்த்திச் சுடும் தொடர் உலைக்கு மாறிய பிறகு வந்த பந்துகளில் சில தொகுதிகள் அளவுக்கு மீறி உடைந்தன. ஈரத்தில் ஸிர்கோனியாவின் படிக அமைப்பே மெல்ல மாறும். அதைப் பிடிக்க 134 டிகிரி நீராவியில் வேகவைத்து முதுமையாக்கும் தனிச் சோதனை வேண்டும்.

நான்காவது தாங்கு சோதனை: ஒவ்வொரு பந்தின் துளையிலும், உடலில் வரக்கூடியதைவிடக் கூடுதலாகச் சுமை கொடுத்து, பிழைத்ததை மட்டும் அனுப்புவது. மற்ற மூன்றும் சில மாதிரிகளைக் கொன்று மீதியைப் பற்றி ஊகிக்கின்றன. இது மட்டும்தான் நோயாளிக்குப் போகும் அதே பந்தைத் தொடுகிறது. ஆபத்தும் உண்டு. சுமையை இறக்கும்போது நிதானித்தால், அல்லது ஈரம் இருந்தால், பிழைத்த பந்திலேயே விரிசல் கொஞ்சம் வளர்ந்துவிடும். ஆகவே சட்டென்று இறக்க வேண்டும், உலர்வாகச் செய்ய வேண்டும்.

வடிவமைப்பைச் சரிபார்க்க உடைப்புச் சோதனை, வாசலில் காவலுக்குத் தாங்கு சோதனை: என் தேர்வு இந்த ஜோடிதான். இழுத்துக் கழற்றும் சோதனையும் உண்டு. அது பிடிமானத்தை அளக்கும், உடைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்புறம் ஆபரேஷன் தியேட்டர். மேலே சொன்ன உடைப்பு எண்கள் எல்லாம் புத்தம்புதுக் கூம்பில் எடுத்தவை. மறு அறுவையில் தண்டை எலும்பிலேயே விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றும்போது, கூம்பின் மேற்பரப்பில் உள்ள நுண்வரிகள் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கீறலும் இருக்கலாம். அதன்மேல் சாதாரண செராமிக் பந்தை நேரடியாக ஏற்றக் கூடாது. நடுவே டைட்டானிய ஸ்லீவ் (உறை) உள்ள பந்து வேண்டும். ஸ்லீவோடு சேர்த்துத் தனியாகச் சோதித்த எண்ணும் வேண்டும். கூம்பு ரொம்பவே சிதைந்திருந்தால் ஸ்லீவும் உதவாது, தண்டையே மாற்ற வேண்டியதுதான்.