லெப்டொப்புக்குப் பதில் டெப் எண்டு 1 இலட்சத்து 32 ஆயிரம் போச்சு: சார்ஜரைக் கழட்டிப் பாத்து வாங்குங்கோ

நேற்றுப் பின்னேரத்தோட கடைக்காரர் முழுசாக் கை விரிச்சாச்சு. போனது 1 இலட்சத்து 32 ஆயிரம் ரூபா. டெப்புக்கு 1 இலட்சத்து 18 ஆயிரம், அதிலை கொழுவுற கீபோர்ட்டுக்கு 14 ஆயிரம். யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள, வெளிநாட்டிலை பாவிச்ச சாமானை இறக்கி விக்கிற ஒரு கடை. பேர் எழுதேல்லை. இதே வித்தை வேறை கடையிலையும் நடக்கும். லெப்டொப்புக்குப் பதிலா டெப் எடுக்க நினைக்கிறவை என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியிலை விளக்கமா எழுதுறன். முதல் நடந்ததைக் கேளுங்கோ.

சாமான் இதுதான்: பின்பக்கம் கால் விரிச்சு நிமித்தி வைக்கிற விண்டோஸ் டெப். 12 அங்குல ஸ்கிரீன், ஐ5, 8 ஜிபி றாம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கீபோர்ட்டைக் கிட்டக் கொண்டுபோகக் காந்தம் டக்கெண்டு பிடிச்சுது. அந்தச் சத்தத்திலைதான் ஆக்கள் விழுறது. பெடியன் வேர்டைத் திறந்து பாமினி எழுத்துருவிலை தமிழிலை ரெண்டு வரி அடிச்சுக் காட்டினான், யூடியூப் ஓடவிட்டான். "விண்டோஸ் 11, ஒறிஜினல் அண்ணை, அக்டிவேற் பண்ணிக் கிடக்கு பாருங்கோ. லெப்டொப்பிலை செய்யிற எல்லாம் இதிலை செய்யலாம். நம்பி எடுங்கோ, நாங்கள் இஞ்சதானே இருக்கிறம்." அந்த "இஞ்சதானே இருக்கிறம்" எண்ட சொல்லுக்குத்தான் 1 இலட்சத்து 32 ஆயிரத்தையும் எண்ணிக் குடுத்தது. அவ்வளவு நேரமும் சார்ஜர் குத்தினபடிதான் கிடந்தது. கவனிக்கேல்லை.

வீட்டை கொண்டுவந்து சார்ஜரைக் கழட்டினவுடனை வேர்டே இழுபட்டுது. டாஸ்க் மனேஜரிலை பாத்தால், 2.6 கிகாஹேர்ட்ஸிலை ஓடவேண்டிய புறொசெசர் 0.4இலை நிக்குது. சார்ஜரைக் குத்தினால் ஏறுது, கழட்டினால் விழுது. கிழண்டுபோன பற்றரியாலை கேக்கிற நேரம் கேக்கிற கரண்டைக் குடுக்கேலாது. மெசின் அணைஞ்சு போகாமல் இருக்க, வேகத்தை அதுவே அமத்திப் பிடிக்குது.

பற்றரி அறிக்கை எடுத்தால் விசயம் வெளிக்கும். கொமாண்ட் புறொம்ப்ட் எண்ட, கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோவிலை "பவர்சிஎஃப்ஜி" எண்டு ஆங்கிலத்திலை அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, கேள்விக்குறிக் கட்டையிலை இருக்கிற சாய்கோட்டைப் போட்டு, "பற்றரிறிப்போர்ட்" எண்டு ஒரே சொல்லா அடியுங்கோ. ஒரு பக்கம் உண்டாகும், அது எங்கை சேமிச்சுக் கிடக்கெண்டும் கீழையே காட்டும். ரெண்டு எண்ணைப் பாத்தால் போதும். செய்யேக்கை இருந்த கொள்ளளவு, இப்ப முழுசா ஏறினால் வாற கொள்ளளவு. எங்கடையிலை முதலாவது 45,000 மில்லிவாட் மணி, ரெண்டாவது 17,900. நூற்றுக்கு 40 கூட இல்லை. லெப்டொப் எண்டால் அடியிலை ஸ்குறூவைக் கழட்டிப் பற்றரியை மாத்திப்போடலாம். இந்த வகை டெப்பிலை பற்றரி ஸ்கிரீனுக்குப் பின்னாலை பசையிலை ஒட்டிக் கிடக்கும். ஸ்கிரீனைச் சூடாக்கி இளக்கித்தான் திறக்கவேணும், கண்ணாடி வெடிச்சால் அதுக்கும் காசு.

அடுத்தது விண்டோஸ். உள்ளுக்கை இருந்தது 7ஆம் தலைமுறை ஐ5 புறொசெசர். இன்டெலிலை விண்டோஸ் 11 ஏற்கிறது, ஒண்டிரண்டு விதிவிலக்கைத் தவிர, 8ஆம் தலைமுறையிலை இருந்துதான். விண்டோஸ் ஏத்தேக்கை மெசின் பொருந்துமோ எண்டு பாக்கிற சோதனையை ஏமாத்தி ஏத்தியிருக்கிறாங்கள். அப்பிடி ஏத்தினதுக்கு வருசாந்தப் பெரிய அப்டேற் தானா வராது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுது, அதாலைதான் இந்தப் பழசுகள் இப்ப மலிவா இறங்குது எண்டு நினைக்கிறன். அந்த "அக்டிவேற்" கூட லைசன்ஸ் வாங்காமல், பொய்ச் சேர்வராலை 180 நாளுக்கு மட்டும் பண்ணினது.

கடைக்குப் போனால் முதல் நாள் "சார்ஜரோடை பாவியுங்கோ அண்ணை." வயரோடை பாவிக்க டெப் என்னத்துக்கு? பிறகு "முதலாளி கொழும்புக்குப் போட்டார், வியாழக்கிழமை வாங்கோ." வியாழன் போனால் கடையிலை வேறை பெடியன், அவனுக்கு ஒண்டும் தெரியாதாம். வட்ஸ்அப்பிலை நீலச் சரி விழும், பதில் வராது. ஒன்பதாம் நாள் ஸ்கிரீனின்ரை வலக்கரை நகம் போற அளவுக்குக் கிளம்பிச்சு, பற்றரி ஊதுது. கொண்டுபோய்க் காட்ட, "செக்கிங் வொறண்டி 7 நாள்தான் அண்ணை. இது பிசிக்கல் டமேஜ், பில்லிலை போட்டிருக்கு." பில்லை வாசிச்சால் "டெப் 1, கீபோர்ட் 1", அவ்வளவுதான், சீரியல் இலக்கம் இல்லை. நேற்று முதலாளியே வாயைத் திறந்தார்: "இது எங்கடை சாமான்தான் எண்டு என்னெண்டு தெரியும்?" 1 இலட்சத்து 32 ஆயிரம் வாங்கினது தெரியாதாம்.

விளக்கமா எழுதுறன் எண்டு சொன்னன், எழுத எழுதக் கோவம்தான் வருது. அவசரத்துக்கு இதுகள் மட்டும்.

சார்ஜரைக் கழட்டி 15 நிமிசம் கடையிலையே ஓட்டுங்கோ. ஐ5க்குப் பிறகு வாற எண்ணைப் பாருங்கோ: 7300 எண்டால் 7ஆம் தலைமுறை, 8250 எண்டால் 8, 1135 எண்டால் 11. 4 ஜிபி றாம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான சேமிப்பு) எண்டால் விண்டோஸுக்குத் தொடவே வேண்டாம். ஆர்ம் புறொசெசர் (இன்டெல் இல்லாத, ஃபோனிலை வாற வகை) எண்டால் வீட்டிலை இருக்கிற பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்குதோ எண்டு முதலே தேடுங்கோ. பாவிச்ச ஐபாட் எண்டால் உங்களுக்கு முன்னாலை முழுசா அழிச்சு, வைஃபை குடுத்துத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கோ; "றிமோட் மனேஜ்மன்ட்" எண்டு வந்தால் அது ஏதோ கொம்பனியின்ரை பூட்டு, வைச்சிட்டு வாங்கோ. எக்செல் மக்ரோ ஐபாட்டிலையும் ஓடாது, அன்ரொயிட்டிலையும் ஓடாது. கணக்கு வேலை செய்யிறவை இதை மறக்காதேங்கோ. பில்லிலை சீரியல் இலக்கம் எழுதாமல் காசு குடுக்காதேங்கோ. அது இல்லாமல் 1977 எண்ட ஃபோன் இலக்கத்துக்கு, பாவனையாளர் அதிகாரசபைக்கு, முறைப்பாடு குடுக்கேக்கையும் இழுபாடுதான்.

ஸ்கிரீன் கிளம்பினால் அமத்தி ஒட்டப் பாக்காதேங்கோ, சார்ஜும் போடாதேங்கோ, பற்றரி நெருப்புப் பிடிக்கும். எங்கடை 1 இலட்சத்து 32 ஆயிரம் இப்ப முத்தத்திலை, மணல் போட்ட மண்சட்டிக்குள்ள கிடக்குது. முறைப்பாடு முடியுமட்டும் எறியவும் ஏலாது.