துப்பாக்கிப் பெட்டகம்: சில வருடங்கள் ஓடிய பிறகு எது நிற்கிறது, எது காலை வாருகிறது

பெட்டகம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை துப்பாக்கி பிடிக்கும், கதவில் எத்தனை போல்ட், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பவைதான். விளம்பர அட்டையிலும் அவையே பெரிய எழுத்தில் இருக்கும். நாலைந்து வருடம் புழங்கிய பெட்டகத்தில் குறை என்று வருபவை பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்து வருகின்றன: தரையில் பொருத்திய விதம், உள்ளே தேங்கும் ஈரம், பூட்டுக்குக் காட்டிய அலட்சியம். இந்தப் பகிர்வு அவற்றைப் பற்றியது. ஆனால் வாங்கும்போதே தவறிவிட்டால் பிறகு திருத்த முடியாத சில விஷயங்களும் உண்டு என்பதால் அங்கிருந்து தொடங்குவோம்.

கொள்ளளவு எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். 24 துப்பாக்கி என்று எழுதியிருந்தால், ஸ்கோப் பொருத்திய ரைஃபிள்கள் 12 அல்லது 14 வரைதான் ஒன்றோடொன்று உரசாமல் நிற்கும். கையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு எண் கொண்டதை எடுப்பது பாதுகாப்பான கணக்கு. நெருக்கி அடுக்கினால் துப்பாக்கியின் மரக்கட்டையில் கீறல் விழுவதோடு போகாது. பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் உள்ள நாலைந்தை வெளியே எடுத்துவைக்க வேண்டிவரும். அப்படி வெளியே வைத்தவை கவனிப்பாரின்றிக் கிடக்கும் நிமிடங்கள்தான் ஆபத்தானவை.

அடுத்தது தகடு. கதவு 10 செ.மீ. கனம் என்பார்கள், அதில் பெரும்பகுதி தீயைத் தாங்கப் போடும் ஜிப்சம் போர்டு. உடலின் இரும்பு எவ்வளவு என்று கேளுங்கள். அதைக் கேஜ் என்ற எண்ணில் சொல்வார்கள்: 14 கேஜ் என்றால் சுமார் 1.9 மி.மீ., 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6 மி.மீ. கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனமாகும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். விற்பவர் சொல்வதில் சந்தேகம் இருந்தால், மின்கம்பிக்காக விட்டிருக்கும் துளையில் வெர்னியர் காலிப்பரை நுழைத்து நீங்களே அளந்துவிடலாம். 14 கேஜ் உடம்போடு வருபவை, சொல்லப்போனால், துப்பாக்கி ஸ்டாண்ட் வைத்த பீரோக்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க உதவும். கோடரியோடு வருபவனை நிறுத்தாது. கனமான தகடும் ஆங்கிள் கிரைண்டருக்குச் சில நிமிடங்கள்தான். அங்கே நம்மைக் காப்பது சத்தமும் அலாரமும்.

கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் சான்று வில்லையைப் படியுங்கள். அமெரிக்கச் சோதனை நிறுவனமான யு.எல்.-இன் 1037 தரத்தில், ஆர்.எஸ்.சி. எனப்படும் வீட்டுப் பெட்டகங்களுக்கான அடிப்படைச் சோதனையில் ஒரே ஆள், சுத்தியல், கடப்பாரை, ஸ்க்ரூடிரைவர் போன்ற கைக்கருவிகளோடு 5 நிமிடம் முயன்றும் திறக்க முடியாதிருக்க வேண்டும். அதே தரத்தின் இரண்டாம் நிலையில் இரண்டு பேர், 10 நிமிடம், கூடுதல் கருவிகள். ஐரோப்பியத் தரமென்றால் ஈ.என். 14450-இன் எஸ்1, எஸ்2 நிலைகள். அதற்கு மேலே ஈ.என். 1143-1. எந்த வில்லையும் இல்லாத பெட்டகத்தில் 14 போல்ட் இருந்தாலும் பொருளில்லை. கடப்பாரை போட்டால் வளைவது போல்ட்டுகள் இல்லை, அவை மாட்டும் கதவு நிலையின் மெல்லிய விளிம்புதான். உங்கள் உரிம அதிகாரி குறிப்பிட்ட தரத்தைக் கேட்பவராக இருக்கலாம். வாங்கும் முன் அதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் வேதிப்பிணைப்பில் உள்ள நீர். சூட்டில் அது ஆவியாகி உள்வெப்பத்தை மட்டுப்படுத்துகிறது. அதே ஆவி உள்ளே நிறைவதால், தீ அணைந்த பிறகு துப்பாக்கிகளை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் துரு பிடித்துவிடும். யு.எல். 72 தரம் காகிதத்துக்கு வைக்கும் வரம்பு 177 டிகிரி செல்சியஸ். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் போன்றவற்றுக்கு 52 டிகிரிதான். நிறுவனங்கள் தாங்களே நடத்திய சோதனையின் நிமிடக் கணக்கை இந்தத் தரத்தோடு ஒப்பிட முடியாது. பத்திரங்களுக்குத் தனியாகச் சான்று பெற்ற சிறு பெட்டி ஒன்றை உள்ளே வைப்பது நல்லது.

பூட்டு

டயல், கீபேட், கைரேகை என்ற மூன்று வகைப் பூட்டுகளில் நீண்டகாலத்தில் குறைந்த தொல்லை தருவது டயல் பூட்டு. மெதுவானது, இருட்டில் திறக்க முடியாது, ஆனால் பேட்டரி கிடையாது. எண்ணிலிருந்து அரைக்கோடு தள்ளி வைத்தால்தான் திறக்கிறது என்ற நிலை வந்தால் பூட்டுக்காரரை அழைக்க வேண்டிய நேரம். துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள். அது காய்ந்து பிசினாகித் தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

கீபேட் பூட்டுகள் 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் ஓடுகின்றன. பேட்டரி இறங்கியதன் முதல் அடையாளம், பொத்தான்கள் சரியாகப் பீப் அடிக்கும், பூட்டுமட்டும் திறக்காது. விளக்குக்கும் ஒலிக்கும் போதும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றப் போதாது. வருடத்துக்கு ஒருமுறை, இறங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்ல கம்பெனிப் பேட்டரி போட்டுவிடுங்கள். மாற்றும்போது மெல்லிய கம்பிகளை இழுக்காமல் இணைப்புத் தொப்பியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். அங்கே கம்பி அறுந்து போவது சாதாரணம்.

‘பூட்டு கெட்டுவிட்டது’ என்று வரும் அழைப்புகளில் பல, கைப்பிடி அழுத்தத்தால் வருபவை. எண்ணை அழுத்தும்போதே கைப்பிடியைத் திறக்கும் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தால் போல்ட்டுகளின் பாரம் பூட்டின் நாக்கின் மேல் விழும். நாக்கு உள்ளே போகாது. கதவை இடுப்பால் உள்நோக்கி அழுத்தி, கைப்பிடியைப் பூட்டும் பக்கமாகச் சற்றுத் தள்ளிவிட்டுப் பிறகு எண்ணை அடித்துப் பாருங்கள். அப்படித் திறந்தால், உள்ளே ஏதோ கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்: சாய்ந்த குழல் நுனி, கதவுப் பையில் திணித்த கைத்துப்பாக்கி, மின்கம்பி, ஏதாவது ஒன்று.

தொழிற்சாலை எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றும் வேலை முழுவதும் கதவு திறந்திருக்க, போல்ட்டுகளை மட்டும் வெளியே தள்ளி வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். புதிய எண்ணில் மூன்று முறை திறந்து மூடிப் பார்த்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். கீபேடின் தேய்மானமும் காட்டிக்கொடுக்கும். நான்கு இலக்க எண்ணில் நான்கு பொத்தான் மட்டும் பளபளத்தால், முயல வேண்டிய சேர்க்கைகள் பத்தாயிரத்திலிருந்து 24 ஆகிவிடும். மாதம் ஒருமுறை எல்லாப் பொத்தான்களையும் துடையுங்கள், எண்ணை அவ்வப்போது மாற்றுங்கள்.

கைரேகைப் பூட்டைப் பற்றி என் கருத்து கடுமையானது: அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். வறண்ட தோல், எண்ணெய்ப் பிசுக்கு, ஈரக்கை, இவை எல்லாவற்றிலும் தடுமாறும். அதைவிட மோசமானது மறுபக்கம். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. ரேகை பதிவாகிவிட்டது என்று உரிமையாளர் நினைத்திருக்க, பெட்டகம் தொழிற்சாலை நிலையிலேயே இருந்து எந்த விரலுக்கும் திறந்துகொண்டதுதான் காரணம். ரேகை பதிந்ததும், பதியாத விரல்களையும் வீட்டில் மற்றவர்களின் விரல்களையும் வைத்துச் சோதிப்பது கட்டாயம். மலிவான சிறு பெட்டிகளில் மோட்டாருக்குப் பதில் சொலினாய்டு, அதாவது மின்காந்தத்தால் நகரும் சிறு ஊசி, இருக்கும். மேலே ஓங்கி ஒரு குத்து விட்டபடி குமிழைத் திருப்பினால் சில திறந்துவிடும். வாங்கிய கையோடு இதைச் செய்து பார்த்து, திறந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவசரச் சாவியை வீட்டு மேசை இழுப்பறையில் வைத்தால் பெட்டகத்தின் தரமெல்லாம் அந்த இழுப்பறையின் தரம்தான். எங்கே இருக்கிறது என்று குழந்தைகளுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம்.

தரையில் பொருத்துதல்

300 கிலோ எடையை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பொருத்தாமல் விடுபவர்கள் நிறையப் பேர். தூக்கிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. மல்லாக்கத் தள்ளிவிட்டால் போதும். கதவு மேலே பார்த்தபடி கிடக்க, இரண்டு பேர் உடல் எடை முழுவதையும் கடப்பாரையில் போடலாம். நிற்கும் பெட்டகத்தில் அந்த வசதி கிடையாது. ஈ.என். 1143-1 தரம் 1000 கிலோவுக்குக் கீழான பெட்டகத்துக்கு ஆங்கர் துளை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கனமான கதவை அகலத் திறந்தால் பெட்டகமே முன்பக்கம் சாயும் ஆபத்தும் உண்டு, அதிலும் காலியாக இருக்கும்போது.

இடம் தேர்வதில் மூலைதான் முதல் தேர்வு. கதவு திறக்கும் விளிம்பு சுவரை ஒட்டியும் கீல் பக்கம் வெளியேயும் இருந்தால், கடப்பாரையை நெம்ப இடம் கிடைக்காது. கைப்பிடி திருப்பும் அளவு இடைவெளி விட்டால் போதும். வாகனம் நிறுத்தும் கொட்டகையில் வைக்காதீர்கள். தெருவில் போகிறவர் பார்வையில் படும், ஈரம் அதிகம், திருடனுக்கு வேண்டிய கருவிகளும் பக்கத்திலேயே தொங்கும்.

கான்கிரீட் தரையில் 12 மி.மீ. வெட்ஜ் ஆங்கர் (இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) நான்கு போதுமானவை. நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: பெட்டக அடித்தளம் 15 மி.மீ., அடியில் ரப்பர் பட்டை 10, கான்கிரீட்டுக்குள் 70, வாஷரும் நட்டும் 15. மொத்தம் 110 மி.மீ. துளையிடும் முன் தரைக்குள் மின்குழாயோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று உறுதி செய்யுங்கள். பெட்டகத்தை இடத்தில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, அதன் துளைகள் வழியாகவே 12 மி.மீ. பிட்டால் துளையிடலாம். மூலைத் துளைகளில் டிரில்லின் தலை பக்கச் சுவரில் இடிக்கும்; அதற்கு 300 மி.மீ. நீள பிட் வேண்டும். டைல்ஸ் தரையானால் டைலைத் துளைத்து முடியும்வரை டிரில்லின் ஹாமர் இயக்கத்தை நிறுத்தி வையுங்கள். டைலுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால், தட்டிப் பார்க்கும்போதே கேட்கும். பாரம் ஏறியதும் அந்த டைல் விரிசல் விடும்.

துளைத்த தூளை ஊதிப் பிரஷ் போட்டு மறுபடி ஊதி எடுங்கள். ஆங்கர் பிடிக்காமல் நட்டோடு சேர்ந்து சுற்றுவதற்கு முதல் காரணம் இந்தத் தூள், இரண்டாவது தேய்ந்த டிரில்லால் கோணலாக விழுந்த துளை. சுற்றினால் இன்னும் இறுக்கிப் பார்ப்பதில் பலனில்லை. துளையைச் சுத்தம் செய்து கெமிக்கல் ஆங்கர் (பசையால் துளைக்குள் ஒட்டும் போல்ட்) போட வேண்டும். நட்டுக்கடியில் சிறு வாஷர் போதாது. பெட்டக அடித்தகடு மெல்லியதாக இருந்தால், நெம்பும்போது தகடு கிழிந்து போல்ட் தரையிலேயே நின்றுவிடும். 50 மி.மீ. சதுர இரும்புத் தகட்டை வாஷராகப் போடுங்கள். இறுக்கும்போது எதிரெதிர் மூலையாகப் போக வேண்டும். ஒரே மூலையை முதலில் முழுவதும் இறுக்கினால் உடல் முறுக்கிக்கொண்டு, கதவு உரசும். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமா என்று ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். ரப்பர் அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும்.

மரத் தளமானால் பலகையில் மட்டும் ஸ்க்ரூ ஏறினால் பயனில்லை. அடியிலுள்ள உத்திரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். உத்திரங்களுக்குக் குறுக்காக, சுமைதாங்கும் சுவரை ஒட்டி வைத்தால் பாரம் பகிரும்.

ஈரம்

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் கான்கிரீட் தரை. பெட்டக அடி நேரடியாக அதன்மேல் உட்கார்ந்தால் ஈரம் ஏறி அடித்தகடு வெளியிலிருந்தே அரிக்கும். ரப்பர் பட்டை அதற்குத்தான். ரசாயனம் ஏற்றிய மரத்துண்டுகளை அடியில் வைக்காதீர்கள், அதிலுள்ள தாமிர உப்பு இரும்பைத் தின்னும். புதிய பெட்டகத்தின் உள் கார்பெட் பசையும் போர்டும் ஈரம் விடும். ஒரு பாதுகாப்பான அறையில் சில நாள் காலியாகத் திறந்து வைத்த பிறகு துப்பாக்கிகளை அடுக்குங்கள்.

இலக்கு 45 முதல் 50 சதவீத ஈரப்பதம். 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 40-க்குக் கீழே மரக்கட்டை சுருங்கி விரிசல் விடும். டிஜிட்டல் ஈரப்பதமானியை நம்பும் முன் உப்புச் சோதனை செய்யுங்கள்: ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சில துளி நீரில் பிசைந்து, மானியோடு காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதை எழுதி மானியின் மேல் ஒட்டிவிடலாம்.

கதவு அடிக்கடி திறக்காத பெட்டகத்துக்கு சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறியதும் 120 டிகிரியைத் தாண்டாமல் சில மணி நேரம் சூடேற்றினால் மீளும். அதற்கு மேல் போனால் சாயம் கருகி, நிறம் காட்டாது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். ஈரமான வீட்டில் சூடேற்றும் தண்டு நல்லது. அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, உள்காற்றைச் சற்றுச் சூடாக்கி ஒப்பு ஈரப்பதத்தைக் குறைக்கிறது. அதைக் கீழ்த்தட்டில் பொருத்துங்கள், மேலே வைத்தால் கீழ்ப்பாதிக்குப் பயனில்லை. துப்பாக்கியைத் தோல் உறையோடோ நுரை வைத்த பெட்டியோடோ உள்ளே வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தோட்டாக்கள் வேறு பூட்டிய பெட்டியில், துப்பாக்கிகள் காலியாக இருக்க வேண்டும். வெடிமருந்துத் தூளைப் பெட்டகத்துக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது, அது கருமருந்தானாலும் புகையில்லா மருந்தானாலும் சரி. இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் தீப்பிடித்தால் அந்தப் பெட்டியே குண்டாகிவிடும்.

பிறகு வீடு மாற நேர்ந்தால்: வெட்ஜ் ஆங்கரைப் பிடுங்க முடியாது. முதலிலேயே கான்கிரீட்டுக்குள் போகும் துளையை ஆங்கரின் முழு நீளத்தைவிடச் சற்று ஆழமாகப் போட்டு வைத்திருந்தால், நட்டைக் கழற்றி, பெட்டகத்தை நகர்த்தி, மீந்த தண்டைச் சுத்தியலால் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே சிமெண்ட் பூசலாம். தரைத்தளத்தின் கனம் அதற்கு இடம் தராவிட்டால் கிரைண்டரால் அறுப்பதுதான் வழி. நகர்த்தும்போது துப்பாக்கிகளையும் தட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, மூன்று இரும்புக் குழாய்களின் மேல் உருட்டுங்கள். படிக்கட்டில் பெட்டகத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.