அம்மம்மாவின் பட்டன் போனும் அந்தச் சிவப்புப் பட்டனும்

அக்கரைப்பற்றில் இருக்கும் நண்பன் ஒருவன், தன் அம்மாவுக்கு என்ன போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முந்தாநாள்தான் அம்மம்மாவின் போனைக் களுவாஞ்சிகுடியில் திருத்தி எடுத்து வந்தேன். அந்தக் கோபம் ஆறாததால் நீண்டுவிட்டது.

அம்மம்மாவுக்கு 81 வயது, களுதாவளையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பெரிய பட்டன் போனை வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முதல் மாமா கட்டாரில் இருந்து கொண்டுவந்த டச் போன் அவருக்குச் சரிவரவில்லை. வெற்றிலைத் தோட்டத்தில் வேலை செய்து காய்த்துப்போன விரல் அவருடையது. நாலு தரம் தொட்டால் ஒரு தரம்தான் அந்தப் போனுக்குத் தெரியும்.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஐந்து நாள் நிற்கிறது. மணி அடித்தால் அடுத்த வளவுக்கும் கேட்கும். 2ஐ அமத்திப் பிடித்தால் அம்மா, 3 நான், 4 மாமா. 2இன் மேல் ஒரு ஒட்டுப் பொட்டை ஒட்டிவிட்டேன். கண்ணாடி போடாமலே விரலால் தடவிப் பிடித்துவிடுவார். 9இல் சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம் 1990ஐப் போட்டு வைத்திருக்கிறேன். அது இலவசம், பதற்றத்தில் நாலு இலக்கம் தேடவும் வேண்டாம்.

பிறகு டோர்ச். பக்கத்தில் ஒரு தள்ளு பட்டன், மேலே தள்ளினால் எரியும், அவ்வளவுதான். அம்மம்மா 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஆள். கார்த்திகை மழை இருட்டினால் லாம்பில் எண்ணெய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். 2024 நவம்பர் வெள்ளத்தில் கரண்ட் போன இரவு, லாம்பைத் தேடாமல் போனைக் கையில் எடுத்தார். அன்றைக்கு எனக்கு இந்தப் போன் மேல் வந்த பாசம் கொஞ்சமில்லை.

ஆனால் அந்தச் சிவப்புப் பட்டன்! கோல் கட் பண்ணவும் அதுதான், போனை ஓஃப் பண்ணவும் அதுதான். ஒரு தட்டுத் தட்டினால் கோல் கட் ஆகும். கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால் போனே நின்றுவிடும். முதியவர்களுக்கு என்று பெட்டியில் எழுதி விற்கிற போனில் யார் இப்படி வைப்பார்கள்?

அம்மம்மா அமத்திப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கிய புதிதில் ஒருநாள் மாமாவுக்கு எடுத்துக் கதைத்துவிட்டு, கோல் கட் ஆகாமலே வெற்றிலை வட்டாவில் வைத்துவிட்டார். போட்டிருந்த ரீலோட் முழுக்கப் போய்விட்டது. அன்றிலிருந்து வெளிச்சம் அணையும் மட்டும் விரலை எடுப்பதில்லை. "அணைஞ்சாத்தானே மனே கட்டானது தெரியும்" என்கிறார். கோல் முடிந்தால் திரையில் நேரம் பெரிதாகத் தெரியும், அதைப் பாருங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். அதற்குக் கண்ணாடி போட வேண்டுமே. வீட்டில் முன்பு இருந்த லைன் போனில் ரிசீவரை வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், வேலை முடிந்தது. இந்தப் போன் அவருக்கு ஒரு சத்தமும் கொடுப்பதில்லை. பிழை அவரில் இல்லை.

போன் ஓஃபாகிக் கிடக்கும். அது அவருக்குத் தெரியாது. மாமா எடுத்துப் பார்த்துப் பயந்து எனக்கு எடுப்பார். ஒருநாள் இரவு 11 மணிக்கு மட்டக்களப்பு டவுனில் இருந்து மோட்டார் சைக்கிளை எடுத்து, கல்லடிப் பாலம் கடந்து, மழைக்குள் களுதாவளை போய்ச் சேர்ந்தேன். அம்மம்மா நுளம்பு வலைக்குள் நல்ல நித்திரை. போன் தலைமாட்டில், கறுத்துப்போய்க் கிடந்தது. செற்றிங் முழுக்கத் தேடிவிட்டேன், ஓஃப் ஆவதைத் தடுக்க வழியில்லை.

இப்போது அதே பட்டன்தான் இறுகிப்போனது. திருத்துகிற தம்பி கழற்றிக் காட்டினார்: றப்பருக்குக் கீழே காய்ந்த சுண்ணாம்பும் பாக்குத் தூளும். வெற்றிலை இடித்த கையால் மூன்று வருடம் அமத்தியது. துடைத்துப் புது கீபேட் போட 650 ரூபா. கூட வந்திருந்த அம்மம்மாவின் கையில், அந்தத் தம்பி சும்மா ஒரு மடக்குப் போனைக் கொடுத்துப் பார்த்தார். மூடினால் கோல் கட் ஆகிற வகை. அம்மம்மா மூடினார். 'டக்'. திறந்து மறுபடியும் மூடினார். "இது நல்லாருக்கு மனே. மறுகா ஏன் எனக்கு அதை வாங்கினாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் மச்சான், நான் மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் இந்தப் போனை வாங்காதே. மடக்குப் போனைத் தேடு. இங்கே கடைகளில் குறைவு, வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தாலும் பரவாயில்லை. ஆனால் காசு கொடுக்க முதல் *#06# அடித்து வருகிற 15 இலக்கத்தைக் குறித்துக்கொள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். மாமாவிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், சித்திரைக்கு வரும்போது ஒன்று கொண்டுவருகிறார். அம்மம்மா இப்போதே புதுப் பொட்டு அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.