குழந்தைக்கா, ஊருக்கா: இரு கிறிஸ்தவ அமைப்புகளின் உதவிமுறை

கொரியப் போரின் அனாதைக் குழந்தைகளே வேர்ல்டு விஷன், கம்பேஷன் இன்டர்நேஷனல் என்னும் இரு அமைப்புகளின் உதவித் திட்டங்களுக்கும் தொடக்கம். முன்னதை பாப் பியர்ஸ் 1950இலும், பின்னதை எவரெட் ஸ்வான்சன் 1952இலும் தொடங்கினர். ஒரு நன்கொடையாளர் ஒரு குழந்தைக்கு மாதந்தோறும் பணம் தருவதும் கடிதம் எழுதுவதும் இரண்டிலும் உண்டு. பணம் செல்லும் வழிதான் வேறு.

கம்பேஷன் உள்ளூர்த் திருச்சபைகளின் வழியாக மட்டுமே இயங்குகிறது. பதிவுபெற்ற குழந்தைக்கே கல்வியும் உணவும் மருத்துவமும் விவிலியப் போதனையும் கிடைக்கின்றன. வேர்ல்டு விஷனோ பணத்தைத் திரட்டி, குடிநீர், சுகாதாரம், வருமானம் என ஒரு வட்டாரம் முழுவதற்கும் பல ஆண்டுகள் செலவிடுகிறது. படத்திலுள்ள குழந்தையின் கைக்கே தம் பணம் போகிறது என்று எண்ணியிருந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால், பக்கத்து வீட்டுக் குழந்தை ஏக்கத்துடன் பார்த்து நிற்கும் நிலை இதில் குறைவு.

பயனை அளப்பதில் கம்பேஷனின் முறை எளிது. பொருளியலாளர் புரூஸ் வைடிக் குழுவினர் 6 நாடுகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், கம்பேஷனின் உதவி பெற்றவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தனர். வட்டார முறையில் யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதே சிக்கல்.

எனினும், திருச்சபையை மட்டுமே நம்பும் அமைப்பு அரசின் ஐயத்துக்கு எளிதில் ஆளாகிறது. தான் அனுப்பும் நிதிக்கு இந்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி கட்டாயமானதால், கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியப் பணியை நிறுத்தியது.